மரபணுவைத் திருத்தினால் முதுமை தள்ளிப்போகுமா?

வாசகர் கேள்வி – பதில்

ஜீனோம் (ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ. தொடர்) ஆய்வு, மரபணுத் திருத்தம், ஆயுள் நீட்டிப்பு ஆகியவை குறித்து வந்த கடிதங்களில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் விடையளித்திருக்கிறோம். கடிதம் எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மனித ஜீனோமை முழுவதும் படித்துவிட்டதாக 2003-இல் அறிவித்தார்கள். இனி அவரவர் மரபணுவுக்கு ஏற்ற மருத்துவம் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் என் மருத்துவர் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் மட்டுமே பார்க்கிறார். அந்த வாக்குறுதி என்ன ஆயிற்று?

பதில்: அந்த வாக்குறுதி பொய்த்துவிடவில்லை, ஆனால் அது முதலில் பலித்த இடம் உங்கள் குடும்ப மருத்துவரின் அறை அல்ல. 1990-இல் தொடங்கிய மனித ஜீனோம் திட்டம், ஏறத்தாழ 270 கோடி டாலர் செலவில் 2003-இல் நிறைவடைந்ததாக அறிவிக்கப்பட்டது. (அப்போதும் சுமார் எட்டு விழுக்காடு படிக்கப்படாமல்தான் இருந்தது. ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளைப் படிக்க வல்ல கருவிகள் வந்த பிறகு, 2022-இல்தான் இடைவெளி இல்லாத முழுத் தொடர் வெளியாயிற்று.) இன்று ஒருவருடைய 300 கோடி டி.என்.ஏ. எழுத்துகளையும் ஆயிரம் டாலருக்குக் குறைவான செலவில் படித்துவிடலாம். படிப்பதற்கு ஆகும் செலவு இப்படிச் சரிந்துவிட்டாலும், படித்ததற்குப் பொருள் சொல்லும் வேலை அந்த வேகத்தில் எளிதாகவில்லை.

பொருள் சொல்ல முடிந்த இடங்களில் பலன் பெரிது. ஆண்டுக்கணக்கில் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தும் பெயர் தெரியாத நோயோடு இருந்த குழந்தைகளில் கணிசமானோருக்கு, எந்த மரபணுவில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்ற விடையை ஜீனோம் பரிசோதனை தந்திருக்கிறது. நுரையீரல் புற்றுநோயிலும் இரத்தப் புற்றுநோயிலும் பல வகைகளுக்கு, புற்றுச் செல்களின் மரபணு மாற்றத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பது அன்றாட நடைமுறையாகிவிட்டது. இரத்த அழுத்தமும் இரண்டாம் வகை நீரிழிவும் அந்த இனத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றின் பின்னால் ஜீனோமில் நூற்றுக்கணக்கான இடங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இடமும் இம்மியளவே நோய்வாய்ப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. இவற்றையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண் தரும் முறை இருக்கிறது என்றாலும், அந்த மதிப்பெண்ணுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதால், மற்றவர்களுக்குப் பொருத்திப் பார்க்கும்போது அதன் துல்லியம் குறைந்துவிடுகிறது. ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்கு மாரடைப்பு வருமா என்று மதிப்பிட, அவருடைய வயது, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் ஆகியவை தரும் செய்தியே இன்றும் கூடுதலானது. உங்கள் மருத்துவர் பார்ப்பதைப் பார்க்கட்டும்.

கேள்வி: என் தாயாருக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. சித்திக்குச் சினைப்பைப் புற்றுநோய். எச்சில் மாதிரியை அஞ்சலில் அனுப்பிப் பரிசோதித்துக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அது எனக்குப் போதுமா?

பதில்: போதாது. நீங்கள் குறிப்பிடும் குடும்ப வரலாறு பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுக்களை முறையாகப் பரிசோதிக்க வேண்டியதற்கான தெளிவான அறிகுறி. இவற்றில் கேடு விளைவிக்கும் மாற்றத்தைப் பெற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. மாற்றம் உள்ள தாயிடமிருந்து பிள்ளைக்கு, மகனானாலும் மகளானாலும், அது சென்று சேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இவ்விரு மரபணுக்களிலும் ஆயிரக்கணக்கான வெவ்வேறு மாற்றங்கள் அறியப்பட்டிருக்கையில், அஞ்சல்வழிப் பரிசோதனைகள் பொதுவாக அவற்றில் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டுமே தேடுகின்றன. "இல்லை" என்று அவர்கள் அனுப்பும் விடை, உங்கள் குடும்பத்தில் இருக்கக்கூடிய மாற்றத்தைத் தேடியே பார்க்காமல் சொன்ன விடையாக இருக்கலாம்.

மரபணு ஆலோசகர் உள்ள மருத்துவமனை ஒன்றில், முடியுமானால் முதலில் உங்கள் தாயாரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நோய் வந்தவரிடம் இன்ன மாற்றம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், உங்களிடம் அது இல்லை என்ற விடைக்கு உறுதியான பொருள் கிடைக்கும். இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது: சில முடிவுகளில் "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று எழுதியிருக்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்று மறுவகைப்படுத்தப்படுகின்றன. கேடான மாற்றம் உறுதியானால் செய்வதற்கு நிறைய இருக்கிறது: இளவயதிலேயே தொடங்கும் எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு, பிள்ளைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளை அகற்றுதல், நோய் வந்தாலும் இந்த மாற்றம் உள்ள கட்டிகளுக்கென்றே உருவான மருந்துகள்.

அஞ்சல்வழிப் பரிசோதனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. இத்துறையில் மிகவும் பெயர் பெற்றிருந்த 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் ஏறத்தாழ 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்புக் கோரியது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், ஜீனோமை மாற்றிக்கொள்ள முடியாது. அதில் பாதி உங்கள் பிள்ளைகளுடையதும்கூட.

கேள்வி: கிரிஸ்பர், கிரிஸ்பர் என்கிறார்கள். அது உண்மையில் என்ன செய்கிறது? எலிகளை விட்டுவிடுங்கள், மனிதர் யாராவது அதனால் குணமடைந்திருக்கிறார்களா?

பதில்: குணமடைந்திருக்கிறார்கள்.

பாக்டீரியாக்கள் தம்மைத் தாக்கும் வைரஸ்களின் டி.என்.ஏ. துணுக்குகளை நினைவில் வைத்திருந்து, அதே வைரஸ் மறுபடி வரும்போது அதன் டி.என்.ஏ.வை வெட்டிப்போடும் ஒரு தற்காப்பு முறையைக் கொண்டிருக்கின்றன. அந்த முறையை, நாம் விரும்பிய இடத்தில் வெட்டும் கருவியாக மாற்றலாம் என்று ஜெனிஃபர் டௌட்னாவும் இமானுவேல் ஷார்பாந்தியேயும் 2012-இல் காட்டினர். 2020-இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். சுமார் இருபது எழுத்து நீளமுள்ள வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்று ஜீனோமில் தனக்குப் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அதனுடன் சேர்ந்திருக்கும் காஸ்9 என்னும் புரதம் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் அங்கே வெட்டுகிறது. வெட்டோடு கருவியின் வேலை முடிந்தது. அதன்பின் செல் தன் போக்கில் அவசர அவசரமாக ஒட்டுப்போடுகிறது. அந்த ஒட்டில் சில எழுத்துகள் கூடியோ குறைந்தோ போவதால் அந்த மரபணு செயலிழக்கிறது. ஆகவே இந்தத் தொழில்நுட்பத்தின் முதல் தலைமுறைக்கு ஒரு மரபணுவைக் கெடுப்பது எளிது, கெட்டுப்போனதைச் சரியாகத் திருப்பி எழுதுவது கடினம்.

முதல் வெற்றி இந்தக் குறையை அறிந்துகொண்டே அடைந்த வெற்றி. அரிவாள் செல் சோகைக்குக் காரணம், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை ஆக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது. கேஸ்ஜெவி என்னும் சிகிச்சை அந்த எழுத்தைத் தொடுவதே இல்லை. கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் இருக்கிறது. பிறந்த சில மாதங்களில் பி.சி.எல்.11ஏ என்னும் மரபணு அதன் உற்பத்தியை அடக்கிவிடுகிறது. நோயாளியின் இரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, இரத்த அணுக்களில் அந்த மரபணுவை முடுக்கிவிடும் பகுதியைக் கிரிஸ்பரால் சிதைத்துத் திருப்பிச் செலுத்தினால், கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் சுரந்து, பழுதான ஹீமோகுளோபினின் கேட்டை மறைத்துவிடுகிறது. அமெரிக்க ஒப்புதலுக்கு முன்வைக்கப்பட்ட சோதனையில், போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்கு ஓராண்டாவது கடும் வலி நெருக்கடி வராமல் இருந்தது. அதற்கு முன் அவர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரு முறையாவது அந்த நெருக்கடியை அனுபவித்தவர்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் அளித்தன. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தச் சோகைக்கும் இதே சிகிச்சை உண்டு.

இனி அதன் மறுபக்கம். திருத்திய செல்களுக்கு எலும்பு மஜ்ஜையில் இடம் பிடித்துத் தர, பழைய செல்களைக் கடுமையான கீமோதெரபியால் அழிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் மருத்துவமனைவாசம் தேவை, பிள்ளைப்பேற்றை இழக்கும் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் இதற்கு அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் பிறக்கிறார்கள் என்பதையும் இந்த விலையையும் சேர்த்துப் பார்த்தால், எஞ்சியிருக்கும் வேலை ஆய்வகத்தில் மட்டும் இல்லை என்பது விளங்கும்.

கேள்வி: 2025-இல் ஒரு கைக்குழந்தைக்கென்றே தனியாக மரபணுத் திருத்த மருந்து செய்தார்கள் என்று படித்தேன். என் மகனுக்கு டூஷேன் தசைச்சிதைவு நோய். அவனுக்கும் அப்படி ஒன்றைச் செய்ய முடியாதா?

பதில்: உங்கள் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்வதே மரியாதை: இன்றைய நிலையில் முடியாது. ஏன் என்பதை விளக்குகிறேன்.

நீங்கள் படித்த குழந்தைக்கு, அமோனியாவை உடலிலிருந்து நீக்க உதவும் சி.பி.எஸ்.1 என்னும் நொதி பிறவியிலேயே பழுதாகியிருந்தது. பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையிலும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் பணிபுரியும் மருத்துவர்கள் ரெபெக்கா அஹ்ரென்ஸ்-நிக்லஸ், கிரண் முசுனூரு ஆகியோரின் குழு, அந்தக் குழந்தையிடம் இருந்த எழுத்து மாற்றத்துக்கென்றே ஒரு திருத்தியை ஏறத்தாழ ஆறு மாதத்தில் உருவாக்கி, 2025 பிப்ரவரியில் முதல் தவணையைச் செலுத்தியது. டேவிட் லியூவின் ஆய்வகத்தில் 2016-இல் பிறந்த இந்த முறை, டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் வேதியியல் முறையில் இன்னோர் எழுத்தாக மாற்றுகிறது. மூன்று தவணைகளுக்குப் பின் குழந்தையால் கூடுதல் புரத உணவைத் தாங்க முடிந்தது, மருந்தின் அளவும் குறைந்தது. முழுமையாகக் குணமாகிவிட்டது என்று மருத்துவர்களே சொல்லவில்லை.

இது இயன்றதற்கு முதன்மையான காரணம், அந்த நோய் கல்லீரலில் இருந்தது. கொழுப்புத் துகள்களுக்குள் பொதிந்து இரத்தத்தில் செலுத்தும் எதுவும் இயல்பாகவே கல்லீரலில் போய்ச் சேர்கிறது. மரபணுத் திருத்தத் துறையில் இப்போது கருவியைச் செய்வதைவிட, அதை வேண்டிய உறுப்பில் கொண்டு சேர்ப்பதுதான் பெரிய தடை. தசை உடல் முழுதும் பரவியிருக்கிறது. இதயமும் அதில் அடக்கம். அங்கே சேர்க்க ஏ.ஏ.வி. என்னும் தீங்கற்ற வைரஸை மிக அதிக அளவில் செலுத்த வேண்டியிருக்கிறது. அந்த வைரஸ் சுமக்கக் கூடியது ஏறத்தாழ 4,700 எழுத்துகளே. உங்கள் மகனிடம் பழுதான டிஸ்ட்ரோஃபின் மரபணுவின் நீளம் 20 லட்சம் எழுத்துகளுக்கு மேல், அதில் புரதத்துக்கான பகுதி மட்டுமே 11,000 எழுத்துகள். எனவே சுருக்கிய ஒரு வடிவத்தைச் செலுத்தும் சிகிச்சை 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் நடக்கும் திறனை இழந்திருந்த சிறுவர்கள் இருவர் அதைப் பெற்றபின் கல்லீரல் செயலிழந்து இறந்தனர். 2025-இல் அத்தகைய நோயாளிகளுக்கு அது நிறுத்தப்பட்டது. ஒருமுறை இந்த வைரஸைப் பெற்றவரின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகிவிடுவதால், பின்னாளில் இதைவிடச் சிறந்த சிகிச்சை அதே வைரஸ் வழியாக வந்தால் அவரால் அதைப் பெற முடியாமலும் போகலாம்.

மகனின் மரபணு அறிக்கையில் எந்தப் பகுதி விடுபட்டிருக்கிறது என்பதைத் துல்லியமாக அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட சில விடுபாடுகளுக்கு மட்டும் பொருந்தும் மருந்துகள் உள்ளன, சோதனைகளில் சேர்ப்பதும் அந்த விவரத்தைப் பொறுத்தே நடக்கிறது. ஸ்டீராய்டு சிகிச்சையையும் இதய, சுவாசக் கண்காணிப்பையும் தவறவிடாதீர்கள். இந்த நோயாளிகளின் ஆயுள் கடந்த சில பத்தாண்டுகளில் கூடியிருக்கிறது என்றால், அதைச் செய்தது மரபணு மருத்துவம் அல்ல, பகட்டில்லாத இந்தப் பராமரிப்புதான்.

கேள்வி: நானும் என் கணவரும் தலசீமியா கடத்திகள் (நோய் இல்லாமல் அதன் மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்கள்). கருமுட்டை நிலையிலேயே மரபணுவைத் திருத்திவிட்டால் நோய் பரம்பரைக்கே இல்லாமல் போகுமே?

பதில்: உங்களுக்கு அது தேவையில்லை. உங்கள் பிள்ளைகளில் நால்வரில் ஒருவருக்கு நோய் வரும் வாய்ப்பு இருக்கிறது என்றால், மூவருக்கு அந்த நோய் இல்லை என்றும் பொருள். செயற்கைக் கருத்தரிப்பில் உருவாகும் கருக்களைப் பரிசோதித்து நோயற்ற ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையும், கருவுற்ற தொடக்க மாதங்களில் செய்யும் பரிசோதனையும் நெடுங்காலமாக நடைமுறையில் உள்ளன. கருவைத் திருத்துவது வேறு விஷயம். 2018 நவம்பரில் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவென்று சி.சி.ஆர்.5 மரபணுவைத் திருத்திய இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். இயற்கையில் பாதுகாப்புத் தருவதாக அறியப்பட்ட மாற்றம் அந்தக் குழந்தைகளிடம் உருவாகவில்லை. வேறு புதிய மாற்றங்கள் உருவாயின. எல்லாச் செல்களிலும் அவை ஒரே மாதிரியாக இல்லை என்பதற்கான அறிகுறிகளும் இருந்தன. அவருக்கு 2019 இறுதியில் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அக்குழந்தைகளுக்கு ஏற்பட்டது அவர்களின் பிள்ளைகளுக்கும் செல்லக்கூடும். அவர்கள் யாரும் அதற்குச் சம்மதம் தெரிவித்தவர்கள் அல்லர்.

கேள்வி: முதுமையும் ஒரு நோய்தான், அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டால் மனிதர் 150 ஆண்டுகள் வாழலாம் என்று ஒரு காணொளியில் கேட்டேன். அறிவியல் இதைப் பற்றி என்ன சொல்கிறது?

பதில்: இந்தக் கருத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1993-இல் சிந்தியா கென்யனின் குழு, டேஃப்-2 என்னும் ஒரே மரபணுவில் மாற்றம் கொண்ட நுண்புழுக்கள் மற்றவற்றைப் போல் இரு மடங்கு காலம் வாழ்வதைக் கண்டறிந்தது. முதுமையின் வேகத்தை ஒரு மரபணுவால் மாற்ற முடியும் என்பதே அப்போது பலருக்கு நம்ப முடியாத செய்தி. அந்த மரபணு இன்சுலினையும் அதையொத்த வளர்ச்சிக் காரணியையும் சார்ந்து செல்களுக்குள் செய்தி கடத்தும் தொடரைச் சேர்ந்தது. அதே தொடர் பழுதான குள்ள எலிகளும் கணிசமாகக் கூடுதல் காலம் வாழ்ந்தன. அப்படியானால் மனிதர்?

இயற்கையே அந்தச் சோதனையைச் செய்து வைத்திருக்கிறது. ஈக்வடார் நாட்டின் தென்பகுதியில், லாரோன் குறைபாடு என்னும் நிலையோடு பிறந்தவர்கள் வாழ்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோனை ஏற்கும் புரதம் அவர்களிடம் பழுதானது. அந்த எலிகளைப் போலவே அவர்களும் உயரம் குறைந்தவர்கள். பல்லாண்டுகள் கண்காணித்த ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்களுக்குப் புற்றுநோயும் நீரிழிவும் மிக மிக அரிதாகவே வந்தன. இது வியப்பான செய்தி. ஆனால் அவர்கள் தம் உறவினர்களைவிட நீண்ட காலம் வாழவில்லை. புழுவில் ஆயுள் இரு மடங்கு, எலியில் ஏறத்தாழப் பாதியளவு கூடுதல், மனிதரில் கூடவே இல்லை என்று குறைந்துகொண்டே போகும் இந்த வரிசையைக் காணொளிகள் ஏனோ முதல் படியோடு நிறுத்திவிடுகின்றன.

முதுமை ஓர் எழுத்துப் பிழையாக இருந்தால் திருத்தும் கருவியால் என்ன செய்ய முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. புரோஜீரியா என்னும் அரிய நோயில் குழந்தைகள் விரைவில் மூப்படைந்து, சிகிச்சை இல்லாவிட்டால் சராசரியாகப் பதினான்கு வயதளவில் இதய நோயால் இறந்துவிடுகிறார்கள். லாமின்-ஏ மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருப்பதே பெரும்பாலானோருக்குக் காரணம் என்று 2003-இல் கண்டறியப்பட்டது. 2021-இல் வெளியான ஆய்வில், இந்த மனித மாற்றத்தைக் கொண்ட எலிகளுக்கு எழுத்துத் திருத்தியை ஒரே ஒரு முறை செலுத்தியபோது, அவற்றின் இடைநிலை ஆயுள் 215 நாளிலிருந்து 510 நாளாக உயர்ந்தது. இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனாலும் அது புரோஜீரியாவுக்கான நம்பிக்கையே தவிர, நம் எல்லோருடைய முதுமைக்குமான விடை ஆகாது.

நம்முடைய முதுமையில் திருத்துவதற்கென்று அப்படி ஓர் எழுத்து இல்லை. பல்வேறு பாலூட்டிகளின் குடல் செல்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. மனிதரின் ஒரு குடல் செல் ஆண்டுக்குச் சுமார் 47 புதிய எழுத்து மாற்றங்களையும், எலியின் செல் ஏறத்தாழ 800 மாற்றங்களையும் சேர்த்துக்கொள்கிறது என்று அது கணக்கிட்டது. உங்கள் குடலின் ஒரு செல்லில் உள்ள பிழைகளும் அடுத்த செல்லில் உள்ள பிழைகளும் வேறு வேறு. இருபது எழுத்து வழிகாட்டியை எந்த முகவரிக்கு எழுதுவது? இத்துடன், எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்ற ஒழுங்கு குலைவது, இனிப் பிரிந்து பெருகாத செல்கள் சேர்வது, புரதங்கள் கசங்குவது என்று 2013-இல் ஒன்பதாக வகுக்கப்பட்ட முதுமையின் அடையாளங்கள் 2023-இல் பன்னிரண்டாக விரிந்திருக்கின்றன. குரோமோசோமின் முனைகளான டிலோமியர்களை நீட்டினால் போதும் என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. அவற்றை நீட்டும் டிலோமரேஸ் நொதியைப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதளவு தாமே மீட்டு வைத்திருக்கின்றன. செல் எத்தனை முறை பிரியலாம் என்ற வரம்பு, மூப்புக்கு ஒரு காரணமாக இருக்கும் அதே வேளையில் புற்றுநோய்க்கு ஒரு தடையாகவும் இருக்கிறது.

நான் ஆர்வத்தோடு கவனிக்கும் துறை, செல்களின் வயதைப் பின்னோக்கித் திருப்பும் ஆய்வு. ஷின்யா யாமனாகா 2006-இல் நான்கு மரபணுக்களைக் கொண்டு முதிர்ந்த செல்லைக் கருநிலைச் செல்லைப் போலாக்கினார்; 2012-இல் நோபல் பரிசு பெற்றார். முழுவதும் பின்னோக்கிப் போன செல் தன் அடையாளத்தை இழந்து கட்டியாகிவிடும். பாதி வழியில் நிறுத்தினால்? 2016-இல் விரைவாக மூப்படையும் எலிகளிலும், 2020-இல் பார்வை நரம்பு சேதமடைந்த எலிகளிலும் பலன் தெரிந்தது. எங்கே நிறுத்துவது என்பதை உடலின் ஒவ்வொரு திசுவிலும் பிழையின்றிக் கட்டுப்படுத்துவதுதான் கேள்வி. கண் போன்ற, சிறிய, தனித்த உறுப்பில்தான் இது முதலில் மருத்துவமாகும் என்பது என் கணிப்பு.

150 ஆண்டு என்ற எண்ணைப் பொறுத்தவரை, ஆதாரத்தோடு பதிவான மிக நீண்ட மனித ஆயுள் 1997-இல் இறந்த ஜான் கல்மான் அம்மையாருடைய 122 ஆண்டுகள். அதற்குப் பின் அந்த எல்லையை யாரும் தாண்டவில்லை.

கேள்வி: இரத்தத் துளியிலிருந்து "உயிரியல் வயது" கண்டுபிடித்துச் சொல்கிறார்களே, அது நம்பத்தக்கதா?

பதில்: டி.என்.ஏ.வின் மேல் படியும் மெத்தில் என்னும் வேதிக் குறிகளைக் கொண்டு வயதைக் கணிக்கும் முறையை ஸ்டீவ் ஹோர்வாத் 2013-இல் வெளியிட்டார். ஆராய்ச்சிக் கருவியாக அது மிகச் சிறந்தது. ஆயிரம் பேர் கொண்ட இரு குழுக்களை ஒப்பிட உதவும் அளவுகோல், ஒரு தனிமனிதர் இந்த மாதம் இரண்டு வயது குறைந்துவிட்டார் என்று சொல்லப் போதுமானது அல்ல. ஒரே நபரின் மாதிரிக்கு வெவ்வேறு கணிப்பு முறைகள் வெவ்வேறு வயது சொல்வதும் உண்டு. அந்த எண் கூடினாலும் குறைந்தாலும் உங்கள் மருத்துவர் செய்யப்போவது எதுவும் மாறாது என்பதால், இதற்குச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: எனக்கு 61 வயது. தந்தை மாரடைப்பில் இறந்தார். நான் உயிரோடு இருக்கும் காலத்துக்குள் இந்த ஜீனோம் ஆராய்ச்சியால் எனக்கு ஏதாவது பயன் உண்டா?

பதில்: ஏற்கெனவே உண்டு, அது மரபணுத் திருத்தம் என்ற பெயரில் வராததால் பலருக்குத் தெரியவில்லை. 2003-இல் பிரான்சில், மிக அதிகக் கொலஸ்ட்ரால் கொண்ட குடும்பங்களில் பி.சி.எஸ்.கே.9 என்னும் மரபணு மிகையாக இயங்குவது தெரியவந்தது. அப்படியானால் அது இயங்காதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஹெலன் ஹாப்ஸும் ஜொனாதன் கோஹனும் அமெரிக்காவில் தேடினர். ஆப்பிரிக்க வம்சாவளி அமெரிக்கர்களில் நூற்றுக்கு இருவர் மூவரிடம் அந்த மரபணுவின் ஒரு படி பழுதாகியிருந்தது. 2006-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, அவர்களுடைய எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரால் 28 விழுக்காடு குறைவு. இதயநாள நோய் வாய்ப்போ 88 விழுக்காடு குறைவு. வாழ்நாள் முழுவதும் ஓரளவு குறைந்த கொலஸ்ட்ராலோடு இருப்பது, வயதான பின் அதை வேகமாகக் குறைப்பதைவிட எவ்வளவு பயன்தரும் என்பதை இந்த இரு எண்களைப் போல வேறெதுவும் காட்டியதில்லை. இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து 2015-இல் ஊசி மருந்துகள் சந்தைக்கு வந்தன. ஆண்டுக்கு இருமுறை மட்டும் போட்டுக்கொள்ளும் இன்கிளிசிரான் அதன்பின் வந்தது. அதே மரபணுவை ஒரே ஊசியில் கல்லீரலில் நிரந்தரமாக நிறுத்திவிடும் திருத்தச் சிகிச்சையும் மனிதச் சோதனையில் இருக்கிறது. மாத்திரையைத் தினமும் விழுங்க மறக்கும் மனித இயல்புக்கு அது நல்ல தீர்வாகலாம். ஆனால் மாத்திரையை நிறுத்த முடியும், திருத்தத்தை நிறுத்த முடியாது. நிறுத்தக்கூடிய மருந்துகள் நன்றாக வேலை செய்யும் ஒரு நோய்க்கு, நிரந்தர மாற்றத்தின் பாதுகாப்பை உயர்ந்த அளவுகோலில்தான் எடைபோட வேண்டும். வேறொரு நோய்க்காகக் கல்லீரலில் நேரடியாகச் செய்யப்பட்ட கிரிஸ்பர் சிகிச்சையின் பெரிய சோதனைகள், ஒரு நோயாளிக்கு ஏற்பட்ட கடும் கல்லீரல் பாதிப்பால் 2025-இல் நிறுத்திவைக்கப்பட்டன.

உங்கள் எல்.டி.எல். அளவைப் பாருங்கள், மிக அதிகமாக இருந்தால், குடும்ப வழிக் கொலஸ்ட்ரால் மிகை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், இருந்தால் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மருந்துத் தேர்வில் மரபணுப் பரிசோதனை கைகொடுக்கும் இடங்களும் உண்டு. இதயநாளத்தில் ஸ்டென்ட் வைத்தபின் தரும் குளோபிடோக்ரல், சி.ஒய்.பி.2சி19 நொதி இயங்காதவர்களிடம் போதிய அளவு செயல்படாது. வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் கார்பமஸெபின், எச்.எல்.ஏ.-பி*15:02 என்னும் மரபணு வகையைக் கொண்டவர்களிடம் தோலுரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். ஆசிய வம்சாவளியினர் பலரிடம் இந்த வகை காணப்படுவதால் மருந்தைத் தொடங்கும் முன்பே பரிசோதிக்குமாறு 2007 முதல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அறிவுறுத்தி வருகிறது.

உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில், பணம் கட்டினால் இளமை தரும் மரபணு சிகிச்சை செய்வதாகக் கூறும் வெளிநாட்டு மையம் ஒன்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மரபணு சிகிச்சையின் முறையான சோதனைகளில் பங்கேற்பவர் அந்தச் சிகிச்சைக்குப் பொதுவாகப் பணம் கட்டுவதில்லை. சோதனை பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கும், சுயேச்சையான நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், ஜீனோமை நிரந்தரமாக மாற்றும் சிகிச்சை என்றால் பதினைந்து ஆண்டுகள் வரை உங்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கும் பொறுப்பையும் ஏற்றிருப்பார்கள். பதிவெண் என்ன, பதினைந்து ஆண்டுகள் யார் பார்ப்பார்கள் என்று அந்த மையத்துக்கு எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும் வரை பணம் அனுப்பாதீர்கள்.